தலைக்கு மேல் ஒரு துளை

கட்டாரிலிருந்து வந்த மூன்றாம் நாள், என் மருமகள் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வெள்ளிக் கட்டுக்குள் ஒரு கறுத்த செப்புக் காசு. என் பெருவிரல் நகத்தளவுதான் இருக்கும்.

"மாமி, இது ரோமாபுரிக் காசாம். ஆயிரத்து எழுநூறு வருசமாம். அசல்தானா எண்டு பாருங்களே. நீங்க சரித்திரம் படிப்பிச்ச டீச்சர்தானே."

படிப்பித்தேன்தான். ஆனால் ரோமாபுரியைப் பாடப்புத்தகத்தில் இருந்தபடி ஒப்புவித்துவிட்டு மணி அடித்ததும் வெளியே வந்தவள் நான். கையில் ரோமக் காசைப் பிடிப்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு பக்கம் தலையில் பட்டம் கட்டிய ஓர் ஆள், பக்கவாட்டில். மறுபக்கம் ஈட்டியோடு இரண்டு சிப்பாய்கள், நடுவில் கொடிக்கம்பம். சுற்றிவர எழுத்து. அதில் பாதி தேய்ந்துபோயிருந்தது.

அலுமாரியைத் திறந்து உம்மாவின் பெட்டியை எடுத்து வந்தேன். அதற்குள் ஐந்து பவுண் காசு, வளையத்தோடு. ஒன்றை எடுத்து அவளுடைய செப்புக் காசுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. காசும் காசும் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான்.

அவள்தான் முதலில் கண்டாள். "மாமி, ரெண்டிலயும் யூ வரவேண்டிய இடத்தில வீ எழுதியிரிக்கி."

உண்மைதான். எங்கள் பவுணில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரை லத்தீனில் 'ஜோர்ஜியஸ்' என்று பொறித்திருக்கிறார்கள். அதில் 'யூ' இல்லை, 'வீ'தான். அவளுடைய செப்புக் காசில் 'கொன்ஸ்தந்தீனஸ்' என்ற பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அங்கேயும் 'வீ'. ரோமர்கள் கல்லிலும் காசிலும் அப்படித்தான் வெட்டினார்கள். பதினாறு நூற்றாண்டு கழித்து லண்டன்காரர்கள் அதையே பார்த்து எழுதினார்கள். எழுத்தோடு நிற்கவில்லை. எங்கள் காசில் ராசாவின் கழுத்து வெறுங்கழுத்து. சட்டையில்லை, கொலர் இல்லை. ஒரு குளிர்நாட்டு ராசாவைச் சட்டையில்லாமல் காசில் போட்டது ரோமச் சக்கரவர்த்தியைப் போலக் காட்டத்தான். பெயருக்குப் பிறகு 'இண்ட் இம்ப்' என்று இருக்கிறது. இந்தியாவின் சக்கரவர்த்தி என்று அர்த்தம். அந்த 'இம்ப்' இம்பெராதோர் என்பதன் சுருக்கம். அகஸ்டஸ் முதல் எத்தனையோ ரோமச் சக்கரவர்த்திகள் தங்கள் காசில் போட்டுக்கொண்ட அதே மூன்று எழுத்து.

என் உம்மம்மா எழுத்தறியாதவர். ரோமாபுரி என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார். ஆனால் ரோமாபுரியின் சாயலைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் நாற்பது வருடம் நெல் அவித்தார்.

அந்தக் காசுமாலையில் முதலில் இருபத்தொரு காசு. 1930களில் கல்யாணத்துக்குப் போட்டது. எங்கள் கரையில் வீடும் நகையும் பெண்வழியாகத்தான் இறங்கும். உம்மம்மாவுக்கு மூன்று பெண்மக்கள். கோர்வையை அறுத்து ஆளுக்கு ஏழு காசாகப் பிரித்தார்கள். உம்மாவின் ஏழில் இரண்டு, காக்கா சவூதிக்குப் போன செலவில் போயிற்று. சாச்சியின் ஏழும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில், வீட்டோடு, அலுமாரியோடு, கடலுக்குப் போயிற்று. உயிர் தப்பியதே பெரிது என்று சாச்சி அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு மட்டும் சில நேரம் ஒரு யோசனை வரும். இன்னும் ஆயிரம் வருடம் கழித்து யாரோ மண்ணைக் கிண்டி அந்த ஏழு காசையும் எடுத்தால், கல்முனைக்கும் லண்டனுக்கும் பெரிய வியாபாரம் நடந்தது என்று கட்டுரை எழுதுவார்கள். வளையத்தைக் கவனிக்கிற ஆளாக இருந்தால், ஒரு பெண்பிள்ளை கட்டியிருந்தாள் என்று இன்னொரு வரி சேர்ப்பார்கள்.

ரோமக் காசு விசயத்தில் அந்த இன்னொரு வரி நிஜமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாக ரோமப் பொன்னும் வெள்ளியும் கப்பலேறித் தமிழகத்துக்கு வந்தன. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. ரோமாபுரியில் மூத்த பிளினி என்ற எழுத்தாளர் இதற்குக் கணக்குப் பார்த்து வயிறெரிந்தார். இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்ந்து வருடத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தை எங்களிடமிருந்து உறிஞ்சுகின்றன, எங்கள் ஆடம்பரமும் எங்கள் பெண்களும் எங்களுக்கு வைக்கிற செலவு இது என்று எழுதினார். பெண்கள் மேல் பழி போடாமல் எந்தக் காலத்துக் கணக்கும் முடிவதில்லை. அங்கே பெண்களின் கழுத்துக்கு முத்து வாங்கப் போன பொன், இங்கே வந்து பெண்களின் கழுத்துக்கே ஏறியது பிளினிக்குத் தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் கிடைத்த ரோமப் பொற்காசுகள் பலவற்றில் துளை இருக்கிறது. சிலவற்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை. துளை போட்ட இடம்தான் பார்க்கவேண்டியது. சக்கரவர்த்தியின் தலைக்கு மேலே, முகத்தைத் தொடாமல், நூலில் கோத்தால் முகம் நிமிர்ந்து தொங்கும்படி போட்டிருக்கிறார்கள். ஒரு துளையில் கோத்த காசு சுழலும், கவிழும். இரண்டு துளையில் கோத்தால் நெஞ்சோடு படிந்து கிடக்கும். அந்தத் தட்டானுக்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முகம் எது, தலைகீழ் எது என்று தெரிந்திருந்தது. அது போதும்.

பொன் வாங்க வழியில்லாதவர்களும் சும்மா இருக்கவில்லை. தெலங்கானாவின் கொண்டாபூரில் ரோமக் காசை அச்செடுத்து மண்ணில் செய்து சுட்ட வில்லைகள் கிடைத்திருக்கின்றன. திபேரியஸ் சக்கரவர்த்தியின் முகம், ஆனால் களிமண். மேலே நூல் கோக்கக் கொளுக்கி. இன்றைக்குக் கல்முனை பஸாரில் கவரிங் கடை இருப்பது போல அன்றைக்கும் ஒரு கடை இருந்திருக்கிறது.

புதுக்கோட்டையில் நடந்தது வேறு கதை. 1898இல் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் அகப்பட்டது. 501 ரோமப் பொற்காசு. அவற்றில் மிகப் பெரும்பான்மையில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது பணமாகச் செல்லாது, நிறைக்குத்தான் பெறுமதி என்று காட்டப் போட்ட வெட்டு என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. என் மனதுக்கு அந்த வெட்டும் மேலே சொன்ன துளையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. காசிலிருந்து ராசாவை வேலை நீக்குகின்றன. ஒன்று கோபமாகச் செய்கிறது, மற்றது அழகாகச் செய்கிறது.

இந்த நிறை விசயத்தில் ஓர் ஒற்றுமையைச் சொல்லாமல் விடமுடியாது. அகஸ்டஸ் காலத்து ரோமப் பொற்காசு, ஔரேயஸ் என்பார்கள், ஏறக்குறைய 7.8 கிராம். உம்மம்மாவின் பவுண் 7.98 கிராம். தராசில் இரண்டையும் எதிரெதிரே வைத்தால் சில நெல்மணி அளவுதான் வித்தியாசம். ரோமக் காசு ஏறக்குறையச் சொக்கத் தங்கம். எங்கள் பவுணில் 22 பங்கு தங்கம், 2 பங்கு செம்பு. நாங்கள் இன்றைக்கும் மாப்பிள்ளை வீட்டோடு "எத்தனை பவுண்" என்று பேசுகிறோமே, அது நிறையின் பெயரல்ல, ஒரு காசின் பெயர். தமிழ்நாட்டில் சவரன் என்று சொல்வதும் 'சவரின்' என்ற அதே காசைத்தான். காசு கடைத்தெருவிலிருந்து மறைந்துவிட்டது. பெயர் மட்டும் தராசில் தங்கிவிட்டது.

இலங்கைக்கு வந்த ரோமக் காசுகளின் கதை கொஞ்சம் ஏழைக் கதை. இங்கே ரோமப் பொற்காசு கிடைப்பது அருமை. கிடைத்ததில் பெரும்பகுதி நாலாம் நூற்றாண்டின் கடைசி, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சின்னச் செப்புக் காசுகள். சீகிரியாவில், தெற்கே திஸ்ஸமகாராமைப் பக்கத்தில் அக்குருகொடவில் என்று குவியல் குவியலாகக் கிடைத்தன. அவை போதாமல் இங்கேயே அதே மாதிரி அடித்தும் புழங்கியிருக்கிறார்கள். எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலில் இவற்றுக்குத் தனியிடம் உண்டு. கடைத்தெருவில் மரக்கறி வாங்கின சில்லறை இது. மருமகளின் காசும் அந்த வர்க்கம்தான், ஆனால் இன்னும் மூத்தது.

ஆனால் இலங்கை ராசாக்கள் ரோமக் காசைக் கையில் எடுத்துப் பார்த்த இரண்டு கதை உண்டு. ஒன்று பிளினி சொன்னது. குளோடியஸ் சக்கரவர்த்தி காலத்தில் அன்னியஸ் புளோகாமஸ் என்ற வரிக் குத்தகைக்காரரின் ஆள் ஒருவர், காற்றில் அடிபட்டு இந்தத் தீவில் வந்து ஒதுங்கினார். ராசா அவரிடமிருந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்தாராம். முகங்கள் வேறுவேறு, ஆகவே அடித்த மன்னர்களும் வேறுவேறு, ஆனால் நிறை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. அதைக் கண்டு ரோமர்களின் நேர்மையை மெச்சித் தூதர்களை அனுப்பினாராம். மற்றது ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற கிரேக்கர் எழுதியது. சோபாத்ரஸ் என்ற ரோம வியாபாரியும் ஒரு பாரசீக வியாபாரியும் ராசாவின் முன்னால் எந்த நாட்டு மன்னன் பெரியவன் என்று வாதாடினார்கள். சோபாத்ரஸ், "இரண்டு மன்னர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், பாருங்கள்" என்று ரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக் காசையும் நீட்டினார். எது வென்றது என்று சொல்லத் தேவையில்லை. கதையைச் சொன்னவர்கள் ரோமப் பக்கத்து ஆட்கள் என்பதையும் மறக்கத் தேவையில்லை.

ரோமாபுரிக்காரர்களும் காசை நகையாக்கினார்கள். மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அது பெரிய நாகரிகம். பொற்காசைச் சுற்றிப் பூவேலை வெட்டிய தங்கக் கட்டு, அதில் கொளுக்கி, அப்படிப் பலதைக் கோத்துச் சங்கிலி. அதற்கும் முந்திய ஒரு சான்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பொம்போனியஸ் என்ற ரோமச் சட்ட அறிஞர், மணிக்கல்லுக்குப் பதிலாக அணிகிற பழைய பொன், வெள்ளிக் காசுகளை அனுபவிக்கும் உரிமையை மரண சாசனத்தில் ஒருவருக்கு எழுதிவைக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். செலவழித்தால் தீர்ந்துபோவது பணம். அணிந்தால் தீராது, அதனால் அது பணமல்ல, நகை. என் உம்மம்மா மூன்று மக்களுக்கும் பிரித்துக் கொடுத்தபோது, "விக்கப்படாது புள்ள, போட்டுக்க" என்று சொன்னதும் இதே சட்டம்தான்.

எங்கள் மார்க்கத்திலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. குர்ஆனில் ஆலு இம்றான் சூறாவில் தீனார் என்ற சொல் வருகிறது. அந்தச் சொல்லின் வேர் தினாரியஸ் என்ற ரோம வெள்ளிக் காசு. முதற்கால முஸ்லிம்கள் கையாண்ட பொற்காசு கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து வந்த ரோமக் காசுதான். ஹிஜ்ரி 77இல் கலீபா அப்துல் மலிக் உருவமே இல்லாத, எழுத்து மட்டும் உள்ள தீனாரை அடிக்கும்வரை ராசா முகங்கள் புழக்கத்தில் இருந்தன. ஸகாத்துக்கு அளவு இருபது தீனார் என்கிறோமே, ஒரு தீனார் 4.25 கிராம், ஆக 85 கிராம், எங்கள் கணக்கில் பத்தரைப் பவுணுக்குச் சற்றுக் கூட. பெண்கள் வழமையாக அணியும் நகைக்கு ஸகாத் இல்லை என்பது நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஆனால் தீனாரையே கோத்து மாலையாகப் போட்டால் அது காசா நகையா? பழைய பிக்ஹு நூல்கள் இதைத் தனியாக எடுத்துப் பேசுகின்றன. தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னும் பெண்கள் காசைக் கோத்துக் கழுத்தில் போட்டார்கள் என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சி என்று மட்டும் நான் சொல்வேன்.

உருவம் உம்மம்மாவுக்குக் கரைச்சலாகத்தான் இருந்தது. தொழுகைக்கு முன் காசைத் திருப்பிப் போடலாம் என்றால், முன்பக்கம் ராசா, பின்பக்கம் குதிரைக்காரன் நாகத்தைக் குத்துகிறான். எந்தப் பக்கம் திருப்பினாலும் உருவம். ஐந்து வக்தும் மாலையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தக்பீர் கட்டுவார். அந்த ஆணி இருந்த சுவரில் காசுகள் உரசிய கோடு ஒன்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் இரண்டு பேரும் பாண்டிருப்புக்குப் போனோம். எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக நகை செய்யும் பட்டறை அங்கே இருக்கிறது. இப்போதிருக்கும் பத்தர் என்னைவிட இளையவர். நான் படிப்பிக்காத பிள்ளை, ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் செப்புக் காசை எடுத்துக் கண்ணில் வில்லையைச் செருகிக்கொண்டு விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். "டீச்சர், ரோமக் காசைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனா இது வார்ப்பு இல்ல. வார்ப்பெண்டா விளிம்பில ஒட்டுக் கோடு தெரியும், முகத்தில ஊசிக்குத்து மாதிரிக் குழி கிடக்கும். இது அடிச்ச காசு. இஞ்ச பாருங்கோ, அடிச்ச வேகத்தில ஓரம் வெடிச்சிருக்கு."

எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டு சிப்பாயும் கொடியும் உள்ள இந்த வகை, 'படையின் புகழ்' என்று லத்தீனில் எழுதியது, 330களில் பேரரசின் பல அச்சுச்சாலைகளில் ஏராளமாக அடித்தது. இன்றும் உலகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. மலிவான காசுக்கு மெனக்கெட்டுப் போலி செய்பவர்கள் குறைவு. போலிக்குப் பயப்பட வேண்டியது பொன்னிலும் வெள்ளியிலும்தான். இத்தாலியில் புல்காரி நிறுவனம் 1960களிலிருந்து பழங்காசுகளைக் கட்டி நகை செய்கிறது. எந்தச் சக்கரவர்த்தி என்று கட்டின் பின்பக்கம் பொறித்தும் கொடுக்கிறார்கள். அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்துச் செய்த நகல்கள் வளைகுடாக் கடைகளில் நிறைய இருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மண்ணில் இப்படி ஒரு காசு அகப்பட்டால் அது உங்கள் நகையல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதைத் தொல்பொருள் என்கிறது. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்கவும் துளைக்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் உங்களுக்கு அதிகாரமில்லை. புளி போட்டு விளக்கவும் வேண்டாம். கறுப்பு என்று நாம் தேய்த்துப் போடுவதோடு எழுத்தும் போய்விடும்.

பத்தர் வெள்ளிக் கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்கான். காசில நெருப்பு வைக்கல்ல. நாலு பல்லால பிடிச்சிருக்கான். பல்லை நிமிர்த்தினா காசு அப்பிடியே வெளிய வரும்."

பிறகு உம்மம்மாவின் காசை எடுத்தார். அதில் நெருப்பு வைத்திருக்கிறது. விளிம்பில் பொடி வைத்து ஊதி வளையத்தை ஒட்டியது அவருடைய பாட்டனாராகத்தான் இருக்கவேண்டும். ஒட்டிய இடத்தில் விளிம்பின் பல்வரி உருகி மழுங்கியிருந்தது. வளையத்தின் உள்பக்கம் நூல் உராய்ந்து பாதியாகத் தேய்ந்திருந்தது. சேகரிப்பவர் ஒருவர் கண்டால் காசு கெட்டுப்போயிற்று என்பார். வில்லைக்குள் அந்தத் தேய்வைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காசிலே எனக்குப் பிடித்த இடம் அதுதான் என்று தோன்றியது.

"இதைப் பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று சாவணத்தின் நுனியால் ஓரிடத்தைக் காட்டினார். குதிரையின் காலுக்குக் கீழே, வருடத்துக்கு மேலே, நிலம் போலப் போட்ட கோட்டில் ஒரு சின்னஞ்சிறு 'ஐ'. இத்தனை வருடம் எங்கள் வீட்டில் யாரும் கண்டதில்லை. வருடம் 1918. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாய் அச்சுச்சாலை அந்த ஒரே வருடம் பவுண் காசு அடித்தது, ஏறக்குறைய 13 லட்சம். அவற்றுக்கு அடையாளம் அந்த 'ஐ', இந்தியா. லண்டன் காசு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிவந்தது பம்பாய்க் காசு.

மருமகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு கேட்டாள், இந்தப் பவுணையும் தன் செப்புக் காசையும் ஒரே கொடியில் போட்டுத் தரமுடியுமா என்று.

பத்தர் மறுத்துத் தலையாட்டினார். "வேணாம் தங்கச்சி. எங்கட வேர்வைக்குச் செம்பு பச்சை பிடிக்கும். கழுத்திலயும் பிடிக்கும், பக்கத்துப் பவுணிலயும் பிடிக்கும். அதைக் கறுப்பு நூல்ல தனியாப் போடுங்கோ. குளிக்கேக்க கழட்டுங்கோ."

தேய்ந்த வளையத்தை மட்டும் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய வளையத்தையும் தாருங்கள் என்றேன். அதில் கால் குன்றிமணித் தங்கம்கூட இராது, எதற்கு என்று கேட்டார். தாருங்கள் என்றேன்.